நவம்பரிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள்: கம்யூனிட்டி காலேஜ் வழியாகக் கணிதப் பட்டம்

ஜனவரி மாதம், செமஸ்டர் தொடங்க இன்னும் நான்கு நாள். கலிஃபோர்னியாவில் நான் மாலை நேர டியூட்டராக இருக்கும் கணித மையத்துக்கு ஒரு அம்மாவும் மகனும் வந்தார்கள். பக்கத்து ஊர்த் தமிழ்க் குடும்பம். "அண்ணா, இவன் கால்குலஸ்ல ஏ வாங்கிட்டான். அடுத்து கால்குலஸ் டூ தானே? சேர விடமாட்டேங்குது" என்று போனை நீட்டினார் அந்த அம்மா.

டிரான்ஸ்கிரிப்டை, அதாவது மதிப்பெண் பட்டியலைப் பார்த்தேன். ஏ இருந்தது. கால்குலஸும் இருந்தது. ஆனால் அதற்கு முன்னால் 'பிசினஸ்' என்று ஒரு சொல்லும் இருந்தது. வணிகமும் பொருளாதாரமும் படிக்கப் போகிறவர்களுக்காக, முக்கோணவியலை ஏறக்குறைய ஒதுக்கிவிட்டு நடத்தும் கால்குலஸ் அது. பையனுக்குக் கணிதத்தில் பட்டம் வாங்க வேண்டும், அதுவும் பெர்க்லியில். அந்தக் கணக்கில் இந்த ஏ செல்லாது. முதல் கால்குலஸிலிருந்து மறுபடி தொடங்க வேண்டும்.

"சரி, ஒரு செமஸ்டர் தானே போச்சு" என்றான் பையன். நான் உடனே பதில் சொல்லவில்லை. கணிதத்தில் ஒரு செமஸ்டர் தவறினால் பல நேரம் ஒரு வருஷம் தவறும். அது ஏன் என்று புரிந்துவிட்டால் இந்த ஊர் டிரான்ஸ்ஃபர் விவகாரத்தில் முக்கால்வாசி புரிந்த மாதிரி.

முதலில், இந்த வழியே புதிதாக இருப்பவர்களுக்கு. கலிஃபோர்னியாவில் 116 கம்யூனிட்டி காலேஜ்கள் இருக்கின்றன. முதல் இரண்டு வருஷப் படிப்பை அங்கே முடித்துவிட்டு, மூன்றாம் வருஷ மாணவராகப் பல்கலைக்கழகத்துக்குப் போகலாம். இது ஏதோ கொல்லைப்புற வாசல் இல்லை. 1960-ல் மாநிலம் போட்ட உயர்கல்வித் திட்டத்திலேயே இந்தப் பாதையை வைத்துத்தான் மற்றதைக் கட்டினார்கள். மாநிலத்தில் வசிப்பவர்களுக்கு ஒரு யூனிட்டுக்கு (பாடத்தின் எடையை அளக்கும் அலகு) கட்டணம் 46 டாலர். 60 யூனிட் என்றால் 2,760 டாலர். அதே காலத்தை யூசி, அதாவது கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் (பெர்க்லி, யூசிஎல்ஏ எல்லாம் அதில் அடக்கம்) வளாகம் ஒன்றில் கழித்தால் வருஷத்துக்குக் கட்டணம் மட்டுமே 14,000 டாலருக்கு மேல் போகும், வீட்டு வாடகை தனி.

தமிழ்நாட்டில் பாலிடெக்னிக் முடித்துவிட்டு நேரடியாக பி.இ. இரண்டாம் ஆண்டில் சேர்கிறார்களே, அந்த 'லேட்டரல் என்ட்ரி' மாதிரிதான் என்று நம்மவர்களிடம் சொன்னால் சட்டென்று பிடித்துக்கொள்கிறார்கள். ஒரு வித்தியாசம் மட்டும் உண்டு, அதுதான் எல்லாத் தலைவலிக்கும் காரணம். அங்கே டிப்ளமா என்றால் டிப்ளமா. எந்தக் கல்லூரியில் வாங்கினாலும் பாடத்திட்டம் ஏறக்குறைய ஒன்றுதான். இங்கே ஒவ்வொரு காலேஜுக்கும் ஒவ்வொரு பல்கலைக்கழகத்துக்கும் இடையே, பாடம் பாடமாகத் தனித்தனி ஒப்பந்தம். 'உங்கள் இந்தப் பாடம் எங்கள் அந்தப் பாடத்துக்குச் சமம்' என்று எழுதிவைத்திருக்கும் ஒப்பந்தத்துக்கு ஆர்ட்டிகுலேஷன் என்று பெயர். அது இல்லாத பாடத்தில் நூற்றுக்கு நூறு வாங்கியிருந்தாலும் மேஜர் (பட்டத்துக்கான முதன்மைப் பாடம்) கணக்கில் வராது.

இனி கணிதத்துக்கு வருவோம்.

பல்கலைக்கழகத்தில் கணிதப் பாடங்கள் இரண்டு தட்டாக இருக்கும். கீழ்த்தட்டில் கால்குலஸ் வரிசை, லீனியர் ஆல்ஜீப்ரா, டிஃபரன்ஷியல் ஈக்வேஷன்ஸ் என்கிற வகைக்கெழுச் சமன்பாடுகள், சில இடங்களில் டிஸ்க்ரீட் மேத். மேல்தட்டில் ரியல் அனாலிசிஸ், அப்ஸ்ட்ராக்ட் ஆல்ஜீப்ரா, காம்ப்ளக்ஸ் அனாலிசிஸ் போன்றவை. கம்யூனிட்டி காலேஜில் மேல்தட்டு கிடையாது. கீழ்த்தட்டை முழுசாக முடித்துக்கொண்டு போவதுதான் உங்கள் வேலை.

கீழ்த்தட்டு என்றால் ஆறு பாடம், இரண்டு வருஷத்தில் முடியாதா என்று தோன்றும். எண்ணிக்கையைப் பார்த்தால் முடியும். ஆனால் இவை ஒன்றின் தோளில் ஒன்று ஏறி நிற்கும் பாடங்கள். முதல் கால்குலஸ் முடிக்காமல் இரண்டாவதில் பெயர் பதிய முடியாது, கணினியே தடுக்கும். இரண்டாவது முடியாமல் மூன்றாவது இல்லை. லீனியர் ஆல்ஜீப்ராவுக்குப் பல காலேஜ்களில் இரண்டாம் கால்குலஸ் முன்தேவை. டிஃபரன்ஷியல் ஈக்வேஷன்ஸுக்குச் சில இடங்களில் இரண்டாவது போதும், சில இடங்களில் மூன்றாவதும் வேண்டும். சரித்திரம், உளவியல், ஆங்கிலம் எல்லாவற்றையும் ஒரே செமஸ்டரில் அடுக்கிக்கொள்ளலாம். கணிதத்தை அடுக்க முடியாது. வரிசையில்தான் போக வேண்டும்.

ஆகவே கேட்க வேண்டிய கேள்வி எத்தனை பாடம் என்பது இல்லை. சங்கிலியில் எத்தனை கண்ணி, உங்கள் கையில் எத்தனை செமஸ்டர் என்பதுதான்.

இப்போது செமஸ்டரை எண்ணுவோம். இரண்டு வருஷம் என்றால் நான்கு செமஸ்டர். ஆனால் யூசிக்கு விண்ணப்பம் அனுப்புவது இரண்டாம் வருஷம் நவம்பர் கடைசிக்குள். அந்தத் தேதியில் உங்கள் டிரான்ஸ்கிரிப்டில் மதிப்பெண்ணோடு இருப்பது முதல் வருஷத்தின் இரண்டு செமஸ்டர், நடுவில் ஏதாவது கோடை வகுப்பு எடுத்திருந்தால் அதுவும். மூன்றாவது செமஸ்டர் 'நடந்துகொண்டிருக்கிறது', நான்காவது 'திட்டம்'. விண்ணப்பத்தைப் படிப்பவர் அந்த அரைகுறைப் படத்தைத்தான் பார்க்கிறார். ஜனவரியில் 'டிரான்ஸ்ஃபர் அகாடமிக் அப்டேட்' என்று ஒரு படிவம் வரும். மூன்றாம் செமஸ்டர் மதிப்பெண்களை அதில் ஏற்றலாம். அதை நிரப்ப மறந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். மின்னஞ்சலைத் திறக்காமல் இருந்தார்கள், அவ்வளவுதான் காரணம்.

இன்னொரு நிபந்தனை. இலையுதிர் பருவத்தில் சேர வேண்டுமானால் 60 செமஸ்டர் யூனிட்டும் தேவையான பாடங்களும் அதற்கு முந்தைய வசந்தப் பருவத்துக்குள், அதாவது மே, ஜூனுக்குள் முடிந்திருக்க வேண்டும். 'கடைசிக் கோடையில் முடித்துக்கொள்கிறேன்' என்பது அந்தக் கணக்கில் எடுபடாது. பெரும்பாலான யூசி வளாகங்கள் டிரான்ஸ்ஃபர் மாணவர்களை வருஷத்துக்கு ஒரு தடவை, இலையுதிர் பருவத்துக்கு மட்டுமே எடுக்கின்றன. மே மாதத்தில் ஒரு கண்ணி மிச்சமிருந்தால் அடுத்த நவம்பர் வரை காத்திருக்க வேண்டியதுதான். ஒரு செமஸ்டர் ஒரு வருஷமாக ஊதுவது இப்படித்தான்.

நம் பையனின் சங்கிலியை வைத்தே பாருங்கள். முதல் இலையுதிர் பருவம் பிசினஸ் கால்குலஸில் போய்விட்டது. இந்த வசந்தத்தில் முதல் கால்குலஸ். கோடையைத் தொடாவிட்டால் அடுத்த இலையுதிரில் இரண்டாவது, அதற்கடுத்த வசந்தத்தில் மூன்றாவதும் லீனியர் ஆல்ஜீப்ராவும். மே மாதம் வந்துவிட்டது. டிஃபரன்ஷியல் ஈக்வேஷன்ஸ் வெளியே நிற்கிறது.

"அந்த ஒண்ணுதானே, அங்க போய்ப் படிச்சுக்கறேனே" என்றான். இங்கேதான் பெர்க்லியின் பாடப் பட்டியலைக் கிட்டத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். அங்கே மேத் 54 என்று ஒரு பாடம். அதில் லீனியர் ஆல்ஜீப்ராவும் டிஃபரன்ஷியல் ஈக்வேஷன்ஸும் ஒரே செமஸ்டரில் சேர்ந்து வரும். கம்யூனிட்டி காலேஜில் இவை பெரும்பாலும் இரண்டு தனிப் பாடங்கள். ஆகவே ஒப்பந்தத்தில் இரண்டுக்கும் நடுவே 'மற்றும்' போட்டிருக்கும். ஒன்றை மட்டும் முடித்தால் பாதி மேத் 54 கிடைக்காது, ஒன்றுமே கிடைக்காது. மேல்தட்டுப் பாடங்களில் பலதற்கு 54 முன்தேவை. அது இல்லாமல் போனால் சேர்வதே சிரமம்.

இதே இரண்டு பாடங்களை யூசிஎல்ஏ தனித்தனியாகப் பார்க்கிறது. லீனியர் ஆல்ஜீப்ராவுக்கு 33ஏ, டிஃபரன்ஷியல் ஈக்வேஷன்ஸுக்கு 33பி. ஒன்று முடித்தால் ஒன்று வரவில். ஆனால் அங்கே வேறு தேவைகள் உண்டு. சி++ நிரலெழுதும் பாடம் ஒன்றைக் கேட்பார்கள். பெர்க்லி டிஸ்க்ரீட் மேத்தை, அங்கே அதற்கு மேத் 55 என்று பெயர், கணித மேஜருக்குக் கேட்கிறது. இரண்டு பல்கலைக்கழகத்துக்கும் ஒரே திட்டத்தை வைத்துக்கொண்டு போகிறவருக்கு ஏதாவது ஒரு பக்கம் ஓட்டை விழும்.

இதையெல்லாம் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. அசிஸ்ட் என்ற இணையதளம் இருக்கிறது; மாநிலத்தின் அதிகாரபூர்வமான ஆர்ட்டிகுலேஷன் களஞ்சியம். உங்கள் காலேஜ், போக நினைக்கும் பல்கலைக்கழகம், மேஜர் மூன்றையும் கொடுத்தால் இரண்டு பத்திகளில் விரியும். இடது பக்கம் பல்கலைக்கழகத்தின் பாடம், வலது பக்கம் அதற்குச் சமமான உங்கள் காலேஜ் பாடம். படிக்கும்போது பாட எண்களைவிட நடுவில் இருக்கும் 'மற்றும்', 'அல்லது' என்ற சின்னச் சொற்களில் கண்ணை வையுங்கள். பலபேர் திட்டத்தைக் கவிழ்த்தது அவைதான். வலது பக்கம் 'இணையான பாடம் இல்லை' என்று வந்தால் பயப்பட வேண்டாம். அந்தப் பாடம் வேறு கம்யூனிட்டி காலேஜில் இருக்கும். அங்கே போய் அந்த ஒன்றை மட்டும் எடுக்கலாம், ஆன்லைனிலும் எடுக்கலாம். கலிஃபோர்னியா வர்ச்சுவல் கேம்பஸ் தளத்தில் மற்ற காலேஜ்களின் ஆன்லைன் வகுப்புகளைத் தேட முடியும். முன்தேவையை நிரூபிக்க உங்கள் டிரான்ஸ்கிரிப்டை அந்தக் காலேஜுக்கு முன்கூட்டியே அனுப்ப வேண்டும், பதிவு தொடங்கும் நாளில் அல்ல.

ஒப்பந்தத்தைப் பார்த்த அன்றே பிடிஎஃப்-ஆக இறக்கி வைத்துக்கொள்வது நல்லது. கல்வியாண்டுக்குக் கல்வியாண்டு அது மாறும்.

பாட எண்கள் காலேஜுக்குக் காலேஜ் வேறு என்பதையும் மனதில் வையுங்கள். சான்டா மோனிகா காலேஜில் கால்குலஸ் வரிசை 7, 8, 11 என்று போகும். லீனியர் ஆல்ஜீப்ரா 13, டிஃபரன்ஷியல் ஈக்வேஷன்ஸ் 15. கூப்பர்டினோவில் உள்ள டி ஆன்சாவில் கால்குலஸ் 1ஏ, 1பி, 1சி, 1டி என நான்கு துண்டு. 2ஏ டிஃபரன்ஷியல் ஈக்வேஷன்ஸ், 2பி லீனியர் ஆல்ஜீப்ரா. நண்பன் '1பி முடிச்சுட்டேன்' என்று சொன்னால் எந்தக் காலேஜ் 1பி என்று கேட்காமல் எதையும் முடிவு செய்யாதீர்கள்.

டி ஆன்சாவில் ஏன் நான்கு துண்டு? அது குவார்ட்டர் முறையில் நடக்கும் காலேஜ். வருஷத்தில் மூன்று முக்கியப் பருவம், ஒவ்வொன்றும் பன்னிரண்டு வாரம். அதே கால்குலஸை மற்ற காலேஜ்கள் பதினாறு, பதினேழு வாரச் செமஸ்டர்களாக மூன்றாக வெட்டுகின்றன. யூனிட்டை மாற்றுவது சுலபம். ஒன்றரை குவார்ட்டர் யூனிட் ஒரு செமஸ்டர் யூனிட், ஆகவே 60-க்குப் பதில் 90. பாடத்தை மாற்றுவதுதான் சிக்கல். தோசையை நான்காகக் கிழித்த இடமும் மூன்றாகக் கிழித்த இடமும் ஒன்றாக இருக்காது. 1ஏ-வில் வகையிடல், 1பி-யில் தொகையிடல் முடித்த ஒருவர் வீடு மாறி, செமஸ்டர் காலேஜுக்கு வருகிறார் என்று வையுங்கள். அங்கே இரண்டாம் கால்குலஸில் தொகையிடும் உத்திகளும் முடிவிலித் தொடர்களும் ஒன்றாக இருக்கும். இவருக்குத் தொகையிடல் தெரியும், தொடர் தெரியாது. அது 1சி-யில் இருந்தது. பாதிக்காக முழுப் பாடத்தையும் உட்கார்ந்து படிக்க வேண்டிவரும். கால்குலஸை எந்தக் காலேஜில் தொடங்கினீர்களோ அதே காலேஜில் முடியுங்கள். ஆங்கிலமோ சரித்திரமோ எங்கே வேண்டுமானாலும் எடுங்கள்.

பையனுக்கு இரண்டு வழி இருந்தது. ஒன்று, இரண்டாம் கால்குலஸைக் கோடையில் எடுப்பது. அப்படிச் செய்தால் அடுத்த இலையுதிரில் மூன்றாவதும் லீனியர் ஆல்ஜீப்ராவும், வசந்தத்தில் டிஃபரன்ஷியல் ஈக்வேஷன்ஸும் டிஸ்க்ரீட் மேத்தும். சங்கிலி முடிந்துவிடும். காகிதத்தில் அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் என் அனுபவத்தில், கோடையில் எடுக்கவே கூடாத பாடம் ஒன்று உண்டென்றால் அது இரண்டாம் கால்குலஸ்தான். பதினாறு வாரப் பாடத்தை ஆறோ எட்டோ வாரத்தில் அமுக்குவார்கள். முதல் கால்குலஸை அப்படி ஓட்டிவிடலாம், விதிகள் கொஞ்சம்தான். இரண்டாவதில் தொகையிடும் உத்தி ஒவ்வொன்றும் கையில் ஊற நாளாகும். பகுதித் தொகையிடலா, பிரதியிடலா, பகுதிப் பின்னமா என்று கணக்கைப் பார்த்ததுமே தோன்ற வேண்டும். அதற்கு இருநூறு கணக்கு போட்டிருக்க வேண்டும். அதோடு தொடர்களின் ஒருங்கல் சோதனைகள் வேறு. ஜூலை மாதம் எங்கள் மையத்தில் அழுதுகொண்டு வருகிறவர்கள் பெரும்பாலும் அந்த வகுப்புக்காரர்கள்தான்.

அதில் டி வந்தால் என்ன ஆகும் என்பதையும் சொல்ல வேண்டும். மேஜர் பாடங்களுக்குக் குறைந்தது சி வேண்டும். டி வாங்கிய பாடத்தைத் திரும்ப எடுக்கலாம், ஆனால் சங்கிலி அங்கே அறுந்துவிடும். மூன்றாம் கால்குலஸும் லீனியர் ஆல்ஜீப்ராவும் சேர்ந்து தள்ளிப் போகும். கலிஃபோர்னியா மாணவர்களுக்கு யூசியின் குறைந்தபட்ச ஜிபிஏ, அதாவது சராசரி மதிப்பெண், 2.4 என்று விதி சொல்கிறது. அது வாசற்படி மட்டும். கணித மேஜருக்கு, முக்கியமாகக் கணிதப் பாடங்களில், அதைவிட வெகு மேலே இருக்க வேண்டும். கோடையில் அவசரப்பட்டு வாங்கும் சி, மூன்றாம் வருஷம் நிதானமாக வாங்கும் ஏ-வுக்கு ஈடில்லை.

இரண்டாவது வழி அந்த மூன்றாம் வருஷம். சொன்னதுமே அம்மா முகம் மாறிவிட்டது. "மூணு வருஷமா? சொந்தக்காரங்க கேட்டா என்ன சொல்றது?" பெர்க்லியில் மேல்தட்டுப் பாடங்கள் எட்டு, கீழே ஓட்டையோடு போனால் அங்கே இரண்டு வருஷம் இரண்டரையாகும், அந்தக் கூடுதல் அரை வருஷத்துக்கு யூசி கட்டணம் என்று கணக்கு போட்டுக் காட்டினேன். இங்கே ஐந்து யூனிட் பாடம் ஒன்றுக்கு 230 டாலர். சொந்தக்காரர்களுக்கு என்ன பதில் என்று என்னால் சொல்ல முடியவில்லை.

மிச்ச விஷயங்களை வேகமாகச் சொல்லிவிடுகிறேன்.

பொதுப் பாடங்கள். 2025 இலையுதிரிலிருந்து சேர்கிறவர்களுக்கு கால்-கெட்சி என்ற ஒரே பட்டியல், யூசிக்கும் கால் ஸ்டேட்டுக்கும் (மாநிலத்தின் இன்னொரு பல்கலைக்கழக அமைப்பு) பொது. 34 யூனிட். ஆங்கிலம், பேச்சு, கலை, சமூக அறிவியல், அறிவியல், இன ஆய்வு என்று போகும். இதில் கணிதப் பகுதியைக் கால்குலஸே நிரப்பிவிடும். இயற்பியல் எடுத்தால் அறிவியலின் ஒரு பகுதியும் முடியும். கணிதச் சங்கிலியையும் இதையும் கூட்டினாலே 60-க்குப் பக்கத்தில் வந்துவிடும். இவற்றுக்குள் வரிசை பெரிதாக இல்லாததால் கணிதத்தை முதலில் காலண்டரில் பொருத்திவிட்டு, இவற்றை இடைவெளிகளில் சொருகுங்கள். பலர் தலைகீழாகச் செய்கிறார்கள்; முதல் வருஷம் முழுக்க 'சுலபமானதை' முடித்துவிட்டு, இரண்டாம் வருஷம் முதல் கால்குலஸோடு வந்து நிற்கிறார்கள். ஆங்கிலத்தை மட்டும் தள்ளாதீர்கள், யூசி குறைந்தபட்சத் தகுதிக்கே இரண்டு ஆங்கிலப் பாடம் கேட்கிறது.

எங்கே தொடங்குவது என்ற கேள்வி. 2022-ல் வந்த ஏபி (அசெம்பிளி பில்) 1705 சட்டத்துக்குப் பிறகு அறிவியல், கணிதம் படிக்க வருகிறவர்களைப் பல காலேஜ்கள் ப்ரீகால்குலஸில் நிறுத்தாமல் நேராகக் கால்குலஸில் விடுகின்றன, கூடவே ஒரு துணை வகுப்பு. சங்கிலியில் ஒரு கண்ணி குறைகிறது, சந்தோஷம். ஆனால் முக்கோணவியல் ஆட்டம் கண்டிருந்தால் அந்தத் துணை வகுப்பை வேண்டாம் என்று சொல்லாதீர்கள். பள்ளியிலேயே ஏபி (அட்வான்ஸ்ட் பிளேஸ்மென்ட்) கால்குலஸ் பிசி தேர்வு எழுதி நல்ல மதிப்பெண் வாங்கியவர்கள் மூன்றாவதிலேயே தொடங்க முடியலாம். அதைக் காலேஜும் பல்கலைக்கழகமும் தனித்தனியாக ஏற்க வேண்டும், இரண்டையும் பாருங்கள்.

டேக் என்று ஒரு உத்தரவாதம் இருக்கிறது. டேவிஸ், இர்வைன், மெர்சட், ரிவர்சைடு, சான்டா பார்பரா, சான்டா குரூஸ் ஆகிய ஆறு யூசி வளாகங்களில் ஒன்றே ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அவர்கள் கேட்கும் பாடங்களும் ஜிபிஏ-வும் இருந்தால் இடம் உறுதி. விண்ணப்பம் செப்டம்பர் மாதத்தில், நவம்பருக்கு முன்னாலேயே. பெர்க்லி, யூசிஎல்ஏ, சான் டியாகோ இதில் இல்லை. அந்த மூன்றைக் குறிவைப்பவர்களும் ஒரு டேக் போட்டு வைப்பது புத்திசாலித்தனம். கால் ஸ்டேட் பக்கம், 2010-ல் வந்த சட்டத்தின்படி கணிதத்தில் டிரான்ஸ்ஃபருக்கான அசோசியேட் பட்டம் வாங்கினால் அந்த அமைப்பில் எங்காவது ஒரு வளாகத்தில் இடம் நிச்சயம். 'எங்காவது' என்பதைக் கவனியுங்கள். நீங்கள் ஆசைப்பட்ட வளாகம் என்று சட்டம் சொல்லவில்லை.

அப்புறம், வகுப்பு ரத்தாவது. காலேஜ் கவுன்சிலரோடு (படிப்பு ஆலோசகர்) உட்கார்ந்து எட் பிளான் என்கிற படிப்புத் திட்டம் போடும்போது யாரும் இதைச் சொல்வதில்லை. முதல் கால்குலஸுக்குப் பத்து வகுப்பு இருக்கும். மேலே போகப் போக ஒன்றாகிவிடும். சிறிய காலேஜ்களில் டிஃபரன்ஷியல் ஈக்வேஷன்ஸ் வசந்தத்தில் மட்டும், டிஸ்க்ரீட் மேத் இலையுதிரில் மட்டும் என்று நடத்துவார்கள். ஆள் சேராவிட்டால் தொடங்கும் வாரத்தில் நிறுத்திவிடுவார்கள். நான் மாணவனாக இருந்தபோது லீனியர் ஆல்ஜீப்ரா எனக்கு அப்படித்தான் போனது. பதிவு செய்தவர்கள் ஒன்பது பேர், திங்கள்கிழமை ஒரு மின்னஞ்சல், அவ்வளவுதான். நாற்பது நிமிஷத் தொலைவில் இன்னொரு காலேஜுக்கு இரவு வகுப்புக்குப் போனேன். அதிலிருந்து நான் எல்லோரிடமும் சொல்வது: லீனியர் ஆல்ஜீப்ராவையும் டிஃபரன்ஷியல் ஈக்வேஷன்ஸையும் சேர்த்துக் கடைசி வசந்தத்தில் வைக்காதீர்கள். ஒன்று ரத்தானாலும் திரும்ப எடுக்க செமஸ்டர் மிச்சமிருக்காது. முந்தைய இரண்டு வருஷ வகுப்பு அட்டவணையைத் துறையின் தளத்தில் பாருங்கள், எது எந்தப் பருவத்தில் வருகிறது என்று தெரிந்துவிடும்.

கடைசியாக ஒன்று, திட்டமிடலைவிட எனக்கு இதில்தான் அக்கறை. கீழ்த்தட்டுக் கணிதமும் மேல்தட்டுக் கணிதமும் பெயரில்தான் ஒன்று. கம்யூனிட்டி காலேஜ் லீனியர் ஆல்ஜீப்ராவில் மூன்று வெக்டர் கொடுத்து, இவை நேரியல் சார்பற்றவையா என்று கேட்பார்கள். அணியில் எழுதி, நிரைகளைச் சுருக்கி, ஆம் இல்லை சொல்லிவிடலாம். பெர்க்லியின் 110, யூசிஎல்ஏவின் 115ஏ இரண்டும் அதே பாடத்தை மறுபடி எடுக்கின்றன, ஆனால் கேள்வி வேறு மாதிரி வரும். மூன்று வெக்டர்கள் நேரியல் சார்பற்றவை. முதலாவதையும் இரண்டாவதையும், இரண்டாவதையும் மூன்றாவதையும், மூன்றாவதையும் முதலாவதையும் கூட்டுங்கள். கிடைக்கும் மூன்றும் சார்பற்றவைதான் என்று நிறுவ முடியுமா?

எண்ணே கொடுக்கவில்லை, எதைச் சுருக்குவது? மெய்யெண்களின் மேல் வேலை செய்தால் முடியும். நான்கு வரியில் நிறுவல் வந்துவிடும், வரும் வழியில் இரண்டால் வகுக்க வேண்டியிருக்கும். அந்த இரண்டில்தான் விஷயம். ஒன்றும் ஒன்றும் சேர்ந்தால் பூஜ்யமாகிற எண் அமைப்பும் கணிதத்தில் உண்டு. அதில் அந்த மூன்று கூட்டல்களையும் சேர்த்துப் பாருங்கள்: ஒவ்வொரு வெக்டரும் இரண்டு தடவை வருகிறது, இரண்டு என்பது அங்கே பூஜ்யம், மொத்தமும் பூஜ்யம். ஆகவே அவை சார்புள்ளவை. அதே கேள்வி, அதே வெக்டர்கள், பதில் மாறிவிட்டது. கால்குலஸ் மூன்றிலும் ஏ வாங்கியவர்கள் இந்த இடத்தில் திகைத்து நிற்பதைப் பார்த்திருக்கிறேன். அதற்கு முன்னால் அவர்களை யாரும் ஒரு முழு நிறுவல் எழுதச் சொல்லியிருக்கவில்லை.

அதனால்தான் பெர்க்லி கேட்டாலும் கேட்காவிட்டாலும் டிஸ்க்ரீட் மேத் எடுங்கள் என்கிறேன். கணங்கள், தர்க்கம், கணிதத் தொகுத்தறிதல், எண்ணியல். நிறுவல் எழுதுவதற்குக் கம்யூனிட்டி காலேஜில் கிடைக்கும் ஒரே ஒத்திகை பெரும்பாலும் அதுதான். அது பிடிக்காமல் போனாலும் லாபம்தான். புள்ளியியலுக்கோ பொறியியலுக்கோ மாற அப்போது இன்னும் நேரம் இருக்கும்.

பையன் மூன்று வருஷத் திட்டத்துக்கே வந்தான். வசந்தத்தில் முதல் கால்குலஸ் முடிந்தது, ஏ-தான், இந்தத் தடவை சரியான கால்குலஸில். வரும் இலையுதிருக்கு இரண்டாவதும் டிஸ்க்ரீட் மேத்தும் போட்டிருக்கிறான். அவன் காலேஜில் டிஸ்க்ரீட் மேத் வருஷத்துக்கு ஒரே வகுப்பு. வெயிட்லிஸ்டில் நான்காவது ஆளாக நிற்கிறான். முதல் நாள் கட்டாயம் போய் உட்காரச் சொல்லியிருக்கிறேன். வராதவர்களின் பெயரை ஆசிரியர்கள் முதல் வாரத்திலேயே எடுத்துவிடுவார்கள். நான்கு இடம் காலியாக அதிக நேரம் ஆகாது.